மலையேற்றத்தில் இறுதி முடிவு வழிகாட்டியுடையதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவ்வாது மலை, ஏலகிரி, பர்வதமலை என்று பழைய வடஆற்காட்டு மலைகளை நாடி வார இறுதிகளில் வரும் கூட்டம் பெருகி வருகிறது. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றத் தடங்களைத் திறந்து, இணையவழி முன்பதிவைத் தொடங்கி, அந்தந்தப் பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியது நல்ல ஏற்பாடு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்காத எவரும் இதை வரவேற்பர். ஆனால் தனியார் குழுக்களோடு மலையேறும் வழிகாட்டிகளின் நிலை வேறு. அன்றைக்கு ஏறலாமா, பாதி வழியில் இறங்கிவிடலாமா என்பதைப் பெரும்பாலும் அவர்கள் முடிவு செய்வதில்லை. பணம் கட்டியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

நான் ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரின் குல்மார்க்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பள்ளியில் பனிச்சறுக்கும் பாறையேற்றமும் பயின்றவன். 1948-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியின் ஆசான்கள் நாள்காட்டியை நம்பாதே, காலடியைப் பார் என்று ஓயாமல் சொல்வார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பர். அந்த நாட்களில்தான் பனி நன்கு விழுந்து இறுக வேண்டும். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வெறும் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

பனி குறைந்தால் சறுக்க முடியாது, அவ்வளவுதானே என்று சமவெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆபத்து அதற்குப் பின்னரே வருகிறது. முன்பருவத்தில் மெல்லிதாக விழுந்த பனி, அடியில் தரையின் வெதுவெதுப்புக்கும் மேலே காற்றின் கடுங்குளிருக்கும் இடையில் அகப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை போல உதிரியாகிவிடுகிறது. அதன்மீது பிப்ரவரியில் ஓரிரு நாட்களில் பல அடி புதுப்பனி கொட்டினால், பிடிப்பில்லாத அந்தச் சுமை ஒரே ஒருவர் குறுக்கே சறுக்கிச் சென்றாலும் மொத்தமாகப் பெயர்ந்துவிடக்கூடும். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க் பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தது அந்த வறண்ட ஜனவரிக்கு அடுத்த மாதத்தில்தான்.

ஆல்ப்ஸ் மலையிலும் இதே கதை. 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மொலாடா பனியாறு உடைந்து விழுந்து 11 பேர் இறந்தனர். அதே மாதம் 25-ஆம் தேதி சுவிட்சர்லாந்து வானில் நீர் உறையும் குளிர் தொடங்கும் உயரம் 5,184 மீட்டர் என்று பதிவாயிற்று. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கின் உச்சிக்கும் மேலே! பாறை இடுக்குகளைப் பிணைத்து வைத்திருக்கும் பனிக்கட்டி இளகினால் கற்கள் உதிரத் தொடங்கும். ஆகவே அந்தச் சிகரத்தின் அடிவாரத்தில், பிரான்சின் ஷமோனியில் 1821-இல் தோன்றிய வழிகாட்டிகள் சங்கம், சம்பாதிக்கும் பருவத்தின் உச்சத்திலேயே, மோன் பிளாங்கின் வழக்கமான பாதையில் ஆட்களை அழைத்துச் செல்வதை நிறுத்திவைத்தது. அதையும் மீறி ஏறுபவர்கள் மீட்புக்கும் சவ அடக்கத்துக்குமாக 15,000 யூரோ முன்பணம் கட்ட வேண்டும் என்று அப்பகுதி மேயர் ஒருவர் அறிவித்தார். சொன்ன விதம் கடுமைதான். எனக்கென்னவோ அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

நம் மலைகளில் பனி இல்லை என்றாலும், பழைய பருவக் கணக்கை நம்பி ஏற இங்கும் இயலாது. ஃபெங்கால் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். நிலவியல் வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்னதன் பேரில், அந்த ஆண்டு மகாதீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து செல்வோர் மட்டுமே ஏறினர். கார்த்திகை தீபத்துக்கே ஏற்றத்தை நிறுத்த முடிந்த நம்மால் ஓர் உல்லாசப் பயணத்தை நிறுத்த முடியாதா?

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் ஜவ்வாது மலையில் ஒரு குழுவுடன் சென்றிருந்தேன். தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டியாக வந்த, அந்த மலையிலேயே வாழும் ‘மலையாளி’ப் பழங்குடி இளைஞர் ஓடைக்கரையில் நின்றுவிட்டார். தெளிந்து ஓடிய நீர் செம்மண் கலங்கலாக மாறி, பச்சை இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. “மேல மழை புடிச்சிருச்சுங்க சார், தாண்ட வேணாம்” என்றார். சென்னையிலிருந்து குழுவை அழைத்து வந்த ஏற்பாட்டாளரோ, அருவியைக் காட்டாவிட்டால் கூலி கிடையாது என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். சற்று நேரத்தில் நாங்கள் கால் வைக்கவிருந்த கற்கள் வெள்ளத்துக்குள் மறைந்த பிறகே வாக்குவாதம் ஓய்ந்தது. அந்தக் கலங்கலைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். அந்தக் கண் சரியாகப் பார்த்த நாளில் கூலியை மறுப்பது என்ன முறை?

பர்வதமலையில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே கடப்பாறைப் படிகளில், பாறையில் அடித்த இரும்பையும் சங்கிலியையும் பற்றியே ஏற வேண்டும். மழையில் பாறை வழுக்கும். கத்திரி வெயிலில் அதே சங்கிலி உள்ளங்கையைச் சுடும். பௌர்ணமிக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் தயங்கி நின்றால் பின்னால் வருபவர் இறங்கவும் வழியிருக்காது. ஆகவே அங்கே கூட்டத்தை அடிவாரத்திலேயே, நேரம் தாழ்த்தாமல் நிறுத்த வேண்டும்.

வனத்துறையிடமும் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகங்களிடமும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. அரசுத் தடமானாலும் தனியார் ஏற்பாடானாலும், ஏறுவதற்கு முன்போ இடையிலோ வழிகாட்டி நிறுத்தினால் அதுவே இறுதி முடிவு என்று முன்பதிவு விதிகளிலேயே எழுத வேண்டும். பயணம் பாதியில் நின்றாலும் அவருடைய அன்றைய கூலி முழுவதும் முன்பதிவுக் கட்டணத்திலிருந்து கிடைக்க வேண்டும். வந்தவர்களுக்கு மாற்றுத் தேதி தரலாம். ஓடை நீர்மட்டம், முந்தைய இரவின் மழை, புல் காய்ந்திருக்கும் அளவு ஆகியவற்றை வழிகாட்டிகள் குறித்துவர ஒரு பதிவேட்டையும் ஒவ்வொரு அடிவாரச் சாவடியிலும் வைக்கலாம். வேலூர் நகரத்து வானிலையைக் கொண்டு மலை உச்சியின் மழையைக் கணிக்க முடியாது. வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்த அறிவிப்பு வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர்,
கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.