சாவி கொடுத்தவரும் குற்றவாளியே

ஆசிரியருக்கு,

18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டி விதிமீறலில் சிக்கினால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு வழி செய்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க இயன்றதெல்லாம் செய்ததாகவோ நிரூபிப்பதும் அவர்கள் பொறுப்பே. இதைக் கடுமை என்பாரின் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. தாய் வேலைக்குச் சென்ற நேரத்தில் மகன் பீரோவைக் குடைந்து சாவியை எடுப்பதும், டியூஷனுக்குப் போய்வரத் தந்தையே சாவியைக் கொடுத்து, “மெயின் ரோட்டுப் பக்கம் மட்டும் போயிடாதே” என்று அனுப்பிவைப்பதும் ஒன்றல்ல. முன்னதற்குக் குற்ற வழக்கு கூடாது. பின்னது, ஒருவருக்கும் கீறல்கூட விழாவிட்டாலும், குற்றமே.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான அதிகபட்சத் தண்டனையை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியிருப்பது சரிதான். ஆயினும், உயிர் போன பிறகே சட்டம் விழித்துக்கொள்ளும் என்றால், அதே தவற்றைச் செய்து தற்செயலாகத் தப்பியவர் மறுநாளும் சாவியை நீட்டத்தான் செய்வார். பள்ளி வாசலில் சீருடையுடன் மூவராக வரும் பைக்கை மடக்கும் காவலர், தந்தையை வரவழைத்து எச்சரித்து அனுப்பும் வழக்கத்தை விட்டு, அங்கேயே 199-ஏ பிரிவில் வழக்குப் பதிய வேண்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்