கயல்விழிக்கு: பல் கட்டுவது பற்றி

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. "மூன்றே நாளில் முழு வரிசையும்" என்ற அந்த விளம்பரத்தையும் படித்தேன். பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக் காட்டி, கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டுத் தெளிந்த பிறகே இதை எழுதுகிறேன். அந்தப் பணத்தில் பெரும்பகுதி என் வாய்க்குத் தேவையில்லை, உன் அம்மாவுக்குத்தான் தேவை என்பது என் முடிவு. காரணங்களைப் படித்துவிட்டு நீ தாராளமாகச் சண்டை போடலாம்.

விளம்பரத்தில் உள்ள முறைப்படி, மிஞ்சியிருக்கும் பற்களைப் பிடுங்கிவிட்டுத் தாடையில் இம்ப்ளான்ட் என்னும் சில திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் ஒரு வரிசைப் பற்களை முடுக்கிவிடுவார்கள். பல்லே இல்லாதவருக்கும், ஆடும் பற்களோடு அவதிப்படுபவருக்கும் அது பொருந்தலாம். சில இடங்களில் மட்டும் பல் இழந்து, மற்றவற்றால் முறுக்கைக் கடிக்கிற நான் ஏன் நல்ல பற்களைப் பறிகொடுக்க வேண்டும்?

கீழே இடப்பக்கக் கடைவாய்ப் பல் போன இடத்தில் மட்டும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறேன். அதன் இருபுறமும் உள்ள பற்களில் சொத்தை இல்லை. பிரிட்ஜ், அதாவது இரு பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு நடுவில் பொய்ப்பல் கட்டுவதென்றால், பழுதில்லாத அந்த இரண்டையும் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும், தேய்த்த பல் மீண்டும் வளராது. இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் செல்லும் டைட்டானியத் திருகு. ஸ்வீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1950களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதைப் பற்றிக்கொண்டதைக் கண்டார். 1965இல் மனிதருக்குப் பதித்தார். அந்தப் பிடிப்பு உறுதிப்பட வழக்கமாகச் சில மாதங்கள் ஆகும். எலும்பு கெட்டியாக இருந்தால் அன்றே பல் வைப்பதும் உண்டு என்றாலும், சர்க்கரை நோயுள்ள எனக்கு அவசரம் வேண்டாம் என்றார் மருத்துவர். முதலில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பிறகு கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று பார்க்க ஸ்கேன், அதன் பிறகே மற்றவை. பல்லைப் பிடுங்கிய முதல் ஆண்டிலேயே அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடக்கூடும் என்பதால், அளவுக்கு மீறித் தள்ளிப்போடவும் கூடாதாம்.

மேலே வலப்பக்கம் கோரைப் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளிக்குப் பிரிட்ஜ்தான். அதன் அண்டைப் பற்கள் இரண்டுக்கும் வேர் சிகிச்சை முடிந்து, எப்படியும் கேப் போட்டாக வேண்டிய நிலை. மேல் வரிசையின் கடைசிப் பல் போனதற்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. அதற்கு நேர் கீழே இருந்த பல்லும் முன்பே போய்விட்டதால் அங்கே கடிக்க எதிர்ப் பல் இல்லை. போன பல் ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்தே தீர வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

இனி உன் அம்மாவின் விஷயம். அவளுடைய மேல் பல்செட் அண்ணத்தில் படிந்து, உமிழ்நீரின் ஒட்டுதலால் நிற்கிறது. கீழ் பல்செட்டுக்கு அந்த இடமும் இல்லை. நடுவில் நாக்கு வேறு ஓயாமல் அசைகிறது. பல் இல்லாத கீழ்த்தாடையில் எலும்பும் மேல்தாடையைவிட வேகமாகத் தேய்கிறது. அதனால்தான் அவள் சாதத்தைக் குழைத்தே உண்கிறாள், விருந்துக்குப் போனால் பாதி இலையோடு எழுகிறாள். நம்மிடம் சொல்வதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் பதித்து, பிரஸ் பட்டன் போல அவற்றின்மேல் பல்செட்டை அழுத்தி மாட்டுகிற முறை இருக்கிறது. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதுவே என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். வரிசை முழுவதற்கும் அசையாத பல் வைப்பதைவிடச் செலவும் குறைவு, இரவில் கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிது.

ஒரு தடங்கல் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்காக அவள் வாரம் ஒருமுறை உண்ணும் மாத்திரை, தாடையில் அறுவை செய்த இடம் ஆறாமல் போகும் அபாயத்தைச் சிலருக்கு உண்டாக்கலாம். அபாயம் அரிதுதான், ஆனாலும் எத்தனை ஆண்டுகளாக உண்கிறாள் என்பதைப் பல் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும், மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் சொன்னால் "இந்த வயதில் எனக்கெதற்கு" என்று பேச்சை முடித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது என் பல்லைப் பற்றி விசாரிக்க வேண்டாம். நேரே அவளிடம் பேசிச் சம்மதிக்க வை.

அன்புடன்,
அப்பா