அந்த மரக்கட்டையைத் திரும்பப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேத்திக்கு ஐந்து வயது. வாரம் இரண்டு முறை பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன். போன மாதம் ஒருநாள் ரப்பர் விரிப்பில் செருப்பைக் கழற்றியவள், கால் சுட்டு அழுதுகொண்டே ஓடிவந்தாள். சறுக்குமரமும் கொதித்தது. அப்புறம் வேலி ஓரம் விழுந்து கிடந்த ஒரு மரக்கட்டையைக் கண்டுபிடித்தாள். உளுத்த பட்டையை நகத்தால் பெயர்த்து, உள்ளே சுருண்டு கிடந்த மரவட்டையை மூச்சுவிடாமல் பார்த்தாள். தொட்டால் ஏன் சுருள்கிறது, எத்தனை கால், குட்டி எங்கே என்று அரை மணி நேரம் கேள்விதான். அடுத்த முறை போனபோது, குப்பை என்று கட்டையை அகற்றியிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

1943-இல் டென்மார்க்கின் எம்ட்ரப்பில், பிள்ளைகள் பலகையும் செங்கல்லும் கொண்டு தாங்களே கட்டி விளையாடும் திடல் திறக்கப்பட்டது. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31-ஆம் பிரிவில் சொல்கிறது. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு.

நிழல் தரும் மரங்கள், ஒரு மண்மேடு, ஏறி இறங்க நாலு கட்டைகள், பெரியவர்கள் உட்கார பெஞ்சு, பக்கத்திலேயே கழிப்பறை. இவ்வளவுதான் கேட்கிறேன். உடைந்த கண்ணாடியையும் முறியப்போகும் கிளையையும் வாராவாரம் பார்த்து அகற்றட்டும், சரி. முட்டி சிராய்க்கும் என்று பயந்து மண்ணையே மூட வேண்டாம். முதலில் அந்தக் கட்டையைத் திரும்பப் போடட்டும். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி