ஸ்டிக்கர் ஒட்டாத தடுப்பூசி அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குட்டியிலிருந்து ஒரே கிளினிக்குக்குக் கொண்டுபோன நாயை, பத்து வருடம் கழித்து "இனி அங்கே கொண்டுபோக மனசு வரவில்லை" என்று சொல்பவர்களைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பார்க்கிறோம். காத்திருப்பு, கட்டணம், டாக்டரின் கோபம் என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்சம் கிளறினால், என்ன ஊசி போட்டார்கள், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இன்னொரு டாக்டரிடம் போனாலும் அவர் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தடுப்பூசி அட்டையையே எடுத்துக்கொள்வோம். நாய்களின் உயிரைப் பறிக்கும் வைரஸ் நோய்களான டிஸ்டெம்பர், பார்வோ இரண்டுக்குமான கூட்டுத் தடுப்பூசி, குப்பியின் அடியில் உலர்ந்த வெள்ளை வில்லையாக இருக்கும். இன்னொரு குப்பியில் வரும் திரவத்தை விட்டுக் கரைத்து, உடனே போட வேண்டும். குப்பியிலிருந்து உரித்தெடுக்கும் ஸ்டிக்கரில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இருக்கும். அதை அட்டையில் ஒட்டி, பக்கத்தில் டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் போட வேண்டும். பல அட்டைகளில் ரப்பர் ஸ்டாம்பும் தேதியும் மட்டுமே இருக்கின்றன. போட்டது எந்த மருந்து என்பதற்கு அது சாட்சி ஆகாது.

குப்பி இருந்த ஃப்ரிட்ஜும் முக்கியம். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலர் வில்லை சூட்டில் வீரியம் இழக்கும். ரேபிஸ் தடுப்பூசிக்கு எதிரி உறைதல். ஐஸ் பெட்டிக்கு ஒட்டி வைத்து ஒருமுறை உறைந்தால் போதும், கெட்டுவிடும். தண்ணீர் பாட்டிலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாள் முழுக்கத் திறந்து மூடும் ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் தடுப்பூசி இருந்தால் கேள்வி கேளுங்கள். 2011 தானே புயலிலும் 2024 ஃபெஞ்சலிலும் மின்சாரம் போன ஊர் இது. அப்போது ஃப்ரிட்ஜில் இருந்த சரக்கை என்ன செய்தார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாக, 16 வாரம் வரை போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எப்போது அது குறையும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டோடு நிறுத்திவிட்டுப் பிறகு பார்வோ வந்தால் "டூப்ளிகேட் மருந்து" என்று சண்டை கிளம்புகிறது. மருந்து நல்லதாகவே இருந்திருக்கலாம். அட்டவணையை யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை அதிகம் உடைவது உண்ணிக் காய்ச்சலில். நாய் சாப்பிடவில்லை, உடம்பு கொதிக்கிறது. ரத்தம் எடுக்காமலே ஒரு ஊசி. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அன்று சாயங்காலமே நாய் எழுந்து வாலாட்டும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. மூன்று நாளில் பழையபடி சுருண்டுவிடும். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா என்றால் டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். இருபது கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம் மாத்திரை தினம் இரண்டு, மொத்தம் 56. வெட்டிய பட்டையில், பெயர் தெரியாமல், காகிதக் கவரில் பத்து மாத்திரை கொடுத்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் சோற்றோடு கொடுங்கள்; உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

அதே உண்ணி கொண்டுவரும் பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணிக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. அதனால்தான் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறோம், கூடவே பிளேட்லெட் எண்ணிக்கையும். எர்லிக்கியா தகட்டில் சுலபமாகச் சிக்காது. தகடு சுத்தம் என்பதாலேயே நோய் இல்லை என்றாகிவிடாது. பேபீசியாவுக்குப் போடும் ஊசிகளில் சில, அளவு மிஞ்சினால் மூளையைத் தாக்கும். "இருபது கிலோ இருக்கும்" என்று கண்மதிப்பில் போடக்கூடாது. தராசு இல்லாத கிளினிக் என்றால், வீட்டு எடை மெஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்து, எழுதிக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. ஸ்டீராய்டும் மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தும் சேர்ந்தால் குடலில் புண் வந்து மலம் கருப்பாகப் போகும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே எமன். முதல் டாக்டர் எழுதித் தந்திருந்தால்தான் இரண்டாம் டாக்டர் இந்த மோதலைத் தவிர்க்க முடியும்.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கேட்டால் முகம் சுளிப்பதும், "ஊசி போடாமல் அனுப்புகிறாரே" என்று குறை சொல்வதும் நாம்தான். ஆனால் சீட்டு எழுதப் பணம் செலவாகாது.

பிராணி இறந்து சந்தேகம் இருந்தால் உடலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், திசு உடைந்துவிடும். ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கி, அன்றைக்கே பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. புறப்படுமுன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது. தொழில்முறைத் தவறு என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலிலும், இழப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

இரு அரசுகளின் கால்நடைத் துறைகளுக்கும் ஒரு கோரிக்கை. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தில் நடக்கும் ரேபிஸ் முகாம்களில் கொடுக்கும் அட்டையில் எடை, பேட்ச் நம்பர், டாக்டர் பதிவு எண் என மூன்று கட்டங்களை அச்சிடுங்கள். அரசு அட்டையில் அவை இருந்தால், தனியார் கிளினிக்கிலும் ஜனங்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.