முழுத் தொகை என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ள நிவாரண நிதிக்காகத் திறந்தவெளியில் நடந்த இசை நிகழ்ச்சி பற்றி, சென்ற ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பாடகர்கள், விளக்குகள், திரண்ட கூட்டம் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன், கடைசி வரிசைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மேடைக்கும் எனக்கும் நூறு மீட்டராவது இருக்கும். டிரம்ஸ் வாசிப்பவரின் குச்சி இறங்குவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததை இந்த வயதில்தான் கண்ணால் பார்த்தேன். மைக் சோதிக்க வந்தவர் "செக், செக்" என்றதற்கே எங்கள் வரிசையில் கைதட்டினார்கள். பாட்டும் நன்றாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நடுவில் தூறல் போட்டது. மேடைக்கு இருபுறமும் ஆட்கள் ஓடிவந்து ஸ்பீக்கர்களுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு. அதற்குச் சற்று முன்னால்தான், வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு பெண்மணியை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் கேட்டதும் தார்ப்பாய்தான். கூரை போட நாளாகும், அதுவரை மூடிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றார். அவர் பேசியதைவிட விளம்பரதாரர்களுக்கு நன்றி சொன்ன நேரம் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இன்று வசூலாகும் முழுத் தொகையும் நிவாரணத்துக்கே" என்று தொகுப்பாளர் நான்கு முறையாவது சொல்லியிருப்பார். வாசலில் உண்டியல் வைத்துக்கொண்டு நின்ற தன்னார்வலரிடம், "தம்பி, முழுத் தொகைன்னா டிக்கெட் வசூல் முழுக்கவா, செலவு போக மிச்சமா?" என்று கேட்டேன். கல்லூரிப் பையன், பாவம். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், மேல கேட்கணும்" என்றான். மேலே யார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

செலவே கூடாது என்று சொல்லவில்லை. அரங்கம் என்றால் மேடை, நாற்காலி, மின்சாரம், கழிப்பறை எல்லாம் அங்கேயே இருக்கும். வெறும் மைதானத்தில் ஒவ்வொன்றையும் வாடகைக்கு எடுத்து லாரியில் கொண்டுவர வேண்டும். ஜெனரேட்டர், தடுப்புக் கம்பிகள், பாதுகாப்பு ஆட்கள், ஆம்புலன்ஸ், மழை வந்து ரத்தானால் என்று ஒரு காப்பீடு. பாடகர்கள் சம்பளம் வாங்காமல் பாடினாலும் இதெல்லாம் இலவசமாக வராது. யாராவது ஏற்றிருந்தால் யார் என்று சொல்லலாமே. டிக்கெட் பணத்திலிருந்து போயிருந்தால் அதையும் சொல்லலாம். அதைக் கேட்டு நாங்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டோம். 'முழுத் தொகை' என்று சொல்லிவிட்டு மௌனமாக இருப்பதுதான் உறுத்துகிறது.

நல்ல மனசு இருந்தும் பணம் மாட்டிக்கொண்ட கதை உண்டு. 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில், புயலாலும் போராலும் நொறுங்கிப்போன வங்கதேச மக்களுக்காக சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் ஒரே நாளில் இரண்டு காட்சிகள் நடத்தினார்கள். அது உள்ளரங்க நிகழ்ச்சி. டிக்கெட் வசூலான சுமார் 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பின்னால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரிய பணம் பல ஆண்டுகள் வரிச் சிக்கலில் முடங்கிக் கிடந்தது. முன்கூட்டியே வரிவிலக்குக்கு ஏற்பாடு செய்யாததுதான் காரணம். அவசரத்தில் விட்டுப்போன ஒரு காகித வேலை! 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' வேறு மாதிரி. பணம் போய்ச் சேரவேண்டிய அறக்கட்டளையை நிகழ்ச்சிக்கு முன்பே அமைத்துவிட்டார்கள். அது இன்றும் இயங்குகிறது.

நான் போன நிகழ்ச்சியின் டிக்கெட் பாதி இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. நாள், நேரம், கேட் எண், எதையெல்லாம் உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற பட்டியல், எட்டு விளம்பரச் சின்னங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதற்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று மாதம் கழித்து நிருபர் ஒருவரை அனுப்பி, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பதிலைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றாலும் போடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசை வாசகர்