மண்டபத்தைவிடக் குறிப்பேடுகள் முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மறைந்த கலைஞர்களுக்கு அவரவர் ஊரில் நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என வலியுறுத்தும் தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நோக்கம் நன்று, ஆனால் தோல்பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் கேரளக் கலையான தோல்பாவைக்கூத்தின் புலவர் (பாவையாட்டிப் பாடி உரை சொல்பவர்) ஒருவருக்குச் செய்யும் மரியாதை கட்டடத்தோடு நின்றுவிட்டால், அவர் கற்ற பாடம் அவரோடு போய்விடும். பாரதப்புழை ஆற்றங்கரையோரப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் (இக்கூத்துக்கென்றே கட்டிய மேடைகளில்), 21 விளக்குகளின் ஒளியில் இரவெல்லாம் நடக்கும் இக்கூத்தில் பாடப்படுபவை பெரும்பாலும் கம்பராமாயணப் பாடல்களே. பாவையை ஆட்டும் கைத்திறனைவிட, அப்பாடல்களுக்குத் தமிழும் மலையாளமும் கலந்து பொருள் விரிக்கும் புலமையே இக்கலையின் உயிர்.

எனக்கு ஆசானாகவும், வயது வேறுபாடு பாராத நண்பராகவும் இருந்து அண்மையில் மறைந்த புலவர் ஒருவர், பார்க்க ஆளில்லாத பின்னிரவிலும் (பகவதி கேட்கிறாள், அது போதாதா என்பார்), தேங்காய் மூடி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டே ஒரே செய்யுளுக்கு அரை மணி நேரம் உரை சொல்வார். கம்பன் பாடல்களை அவர் மலையாள எழுத்தில் எழுதிவைத்த, எண்ணெய்க் கறை படிந்த குறிப்பேடுகள் இன்று வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கேரள நாட்டுப்புறக் கலை அகாதமி, சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த்துறையின் துணையோடு இத்தகைய ஏடுகளைத் திரட்டித் தமிழ் எழுத்தில் பதிப்பிக்கவும், இப்போதுள்ள மூத்த புலவர்களின் உரையை முழுமையாக ஒலிப்பதிவு செய்யவும் முன்வர வேண்டும்.

– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.