நூறு நாள் கோவிட் வேலைக் கணக்கை விடு, தம்பி

ஜூன் 2021

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, பாப்பா, நான் எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கொரோனா முதல் ஊசி போட்டாகிவிட்டது, ஒரு நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது. மல்லிகை இந்த வருஷமும் போச்சு. கோயில் நடை சாத்தியிருக்கிறது, கல்யாணங்கள் வீட்டோடு முடிந்துவிடுகின்றன. மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வரை கொண்டுபோனால் பறிப்புக் கூலிகூட வராது என்று அப்பா பூவைச் செடியிலேயே விட்டுவிட்டார். அழகர் இந்தச் சித்திரைக்கும் ஆற்றில் இறங்கவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பேசினால்தானே. "சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்மா, வைக்கிறேன்மா" என்று முடித்துவிடுகிறாய். முன்பெல்லாம் நர்சிங் படிப்புக்காக வார்டில் போஸ்டிங் முடிந்து வந்ததும் எந்த சிஸ்டர் திட்டினார், எந்தத் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று அரை மணி நேரம் சொல்வாய். நான் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்பேன். இப்போது உன் குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர் குடி. கொரோனா வார்டில் அந்தக் கவச உடுப்பைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் குடிக்கவும் முடியாது, ஒன்றுக்குப் போகவும் முடியாது என்று எனக்குத் தெரியும். கழற்றிய பிறகாவது குடி.

மே 30 அன்று கோவை இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் கவச உடை போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனதை டிவியில் காட்டினார்கள். அது உன் ஆஸ்பத்திரி இல்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த உடுப்புக்குள் இருந்த ஒவ்வொருவரின் கண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சென்னையைவிடக் கோவையில் தொற்று கூடிவிட்டது என்று செய்தியில் சொன்ன நாளிலிருந்து அப்பா டிவி முன்னால் உட்காருவதில்லை. தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

சரி, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் அறையில் இருக்கும் தேனிப் பையன் பாப்பாவிடம் பேசியிருக்கிறான். அவன் மேல் கோபப்படாதே, நான்தான் பாப்பாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். வார்டில் யாராவது இறந்துவிட்டால், "பொம்பளைப் பிள்ளைகள் வேண்டாம், பையன்களைக் கூப்பிடு" என்கிறார்களாம். ஹைப்போ என்கிற கிருமிநாசினி தெளிப்பதும், பைக்குள் வைத்து ஜிப்பை இழுப்பதும், பேர் எழுதிய அட்டையைக் கட்டுவதும், வண்டியில் ஏற்றுவதும் நீயும் அவனும்தானாம். நீங்கள் படித்ததும் அந்தப் பிள்ளைகள் படித்ததும் ஒரே பாடம்தானே? சிலிண்டரைத் தள்ளவும், கனத்த நோயாளியைக் குப்புறப் புரட்டிப் படுக்க வைக்கவும் பையன்களைக் கூப்பிட்டால் சரி. ஆனால் செத்தவர்களைத் தினம் தினம் பொதிவதற்கு உடம்பு பலம் மட்டும் போதும் என்று யார் சொன்னது? இருபத்தொரு வயசுப் பையன். அறைக்கு வந்து விளக்கை அணைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாம். இரண்டு மூன்று தடவை குளிக்கிறாயாம். தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்துவிடுகிறாயாம்.

நீ இந்தப் படிப்பு படிக்கப் போனபோது ஊரில் என்ன பேசினார்கள் என்று எனக்கு மறக்கவில்லை. பொம்பளை வேலை என்றார்கள். உன் மாமா வீட்டு விசேஷத்தில் உன்னை சிஸ்டர் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். நீ சிரித்துக்கொண்டே பந்தியில் பரிமாறினாய். இன்றைக்கு அதே ஆட்கள் மூச்சு வாங்கினால் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். காய்ச்சல் கணக்கெடுக்கப் போகும்போது விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் அந்தக் கருவியைக் கையோடு கொண்டுபோகிறேன். "உன் மகனைக் கேட்டுச் சொல்லு, தொண்ணூத்திமூணு காட்டுது, பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமா" என்கிறார்கள். எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா?

அப்பத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்றரை வருஷம் அவரைப் புரட்டியது நீதான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது என்று நான்கு மூலையையும் இழுத்து இழுத்துச் செருகுவாய். முதுகுப் புண்ணை உப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, வலிக்குதா அப்பத்தா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். அவர் வாயில் கடைசியாக நின்ற பேர் உன் பேர். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, பைக்குள் போகிறவர்கள் வெறும் உடம்பாக இருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாதா?

பாப்பாவின் சங்கதி வேறு. பி.ஃபார்ம் ஆன்லைன் வகுப்பு நடக்கும்போதே போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில்தானே இருக்கிறாள், ஜாதகத்தை எடுக்கலாமே என்று இரண்டு பேர் வந்து கேட்டார்கள். போன மாதம் ஒரு நாள் கரண்டியைப் போட்டுவிட்டு, "பரீட்சை எனக்கும்தான் இருக்கு" என்று ஓவென்று அழுதாள். அன்றிலிருந்து இரண்டு வேளைப் பாத்திரத்தையும் அப்பாதான் விளக்குகிறார். வாசலில் யாராவது நின்றால்கூட எழுந்திருப்பதில்லை. அவள் அழுதாள், நாங்கள் கேட்டோம், கொஞ்சமாவது சரியாயிற்று. நீயும் அழுதால்தானே யாராவது கேட்பார்கள்? ஆம்பளைப் பிள்ளை அழுதால் வீடே இடிந்து விழும் என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அப்பாவும் மனசில் இருப்பதைப் பத்து வருஷமாக வெளியே சொல்லாதவர்தான், அவருக்கும் இப்போது அது புரிந்திருக்கிறது.

உன் சின்ன மாமாவும் அந்தக் கார்த்திகைக்கு முந்தின வாரம் இப்படித்தான். "சாப்பிட்டேன்க்கா, நல்லா இருக்கேன்க்கா, வைக்கிறேன்க்கா." அதற்கு மேல் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் போய்விட்டது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருக்கும்போதே என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நின்றுவிடுவேன். மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். அந்த டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல மாதம் சாப்பிட்டேன். ஊரில் தலைவலி மாத்திரை என்று சொல்லியிருந்தேன், நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள். அலமாரியில் மஞ்சள் பைக்குள் இருக்கும், எடுக்காதே என்று உன்னைத் திட்டுவேனே, அதுதான் அந்த மாத்திரை. அதனால்தான் மறுபடி எழுந்து உங்களுக்குச் சோறு ஆக்கினேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நீ படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாம் வருஷம் மனநலப் பாடத்துக்குப் போஸ்டிங் போய் வந்தபோது நீயே பாப்பாவிடம் சொன்னாய். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், அது காய்ச்சலுக்குக் காட்டுவது போலத்தான் என்றாய். உனக்கு இரண்டு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது, தம்பி. அந்தப் பாடம் எடுத்த மேடம் உன்னிடம் பிரியமாக இருப்பார் என்பாயே, அவரிடம் போய்ச் சொல். சங்கடமாக இருந்தால் அரசு உதவி எண் 104-க்குப் போன் செய். ராத்திரியிலும் எடுப்பார்கள், பேர் சொல்லக்கூட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

நூறு நாள் கோவிட் வேலை பார்த்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்று மே மாதம் டெல்லியிலிருந்து அறிவித்தார்களே, அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று தேனிப் பையன் சொன்னான். அப்பாவின் கடன் உன் கண்ணில் நிற்கிறது போல. கடனை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஐந்து பவுன் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, அதை யாருக்காக வைத்திருக்கிறேன்? நூறு நாள் முடிந்தால் சந்தோஷம், முடியாவிட்டால் ஒரு குறையும் இல்லை. எழுபதாம் நாள் வந்தாலும், நாளைக்கே வந்தாலும் நீ எங்களுக்குத் தோற்றுப் போனவன் இல்லை. 2020-ஐ நர்ஸ்களின் ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது எவ்வளவு துள்ளினாய். அந்தப் படிப்பு உன்னை விட்டு எங்கும் போகாது.

பிணம் தூக்கும் வேலையை முறை வைத்து மாற்றிக் கொடுக்கச் சொல்லி, நர்ஸ்களுக்கெல்லாம் பொறுப்பான மேட்ரனிடம் கேள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் தேனிப் பையனையும் கூட்டிக்கொண்டு போ. பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்று அவரிடம் வாய்விட்டே சொல். வேறு காரணம் சொல்லாதே. அவர் மறுத்தால் எனக்கு நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். வளர்ந்த பையனுக்கு அம்மா பேசுவதா என்று கூச்சப்படாதே.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் அப்பா படுத்துவிடுவார். நான் போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். பேச வரவில்லை என்றாலும் கூப்பிடு. நீ அந்தப் பக்கம் சும்மா இரு, நான் இங்கே ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேல் அறையைக் கழுவி விட்டாயிற்று. வந்தால் பதினாலு நாள் அங்கேயே இருக்கலாம், சாப்பாடு படிக்கட்டில் வைத்துவிடுவோம். உன் கணக்கில் இரண்டாயிரம் போட்டிருக்கிறது. பஸ் விடாவிட்டால் உன் ஆஸ்பத்திரி அட்டையை வைத்துக்கொண்டு வருவதற்கு என்ன வழி என்று பாப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறாள், அவள் கேட்கும் விவரத்தை உடனே அனுப்பு. இந்தக் கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று மட்டுமாவது சொல்.

அன்புடன்,
அம்மா